அளவுச் சட்டை

மார்ச் 3

இன்று ஒரு வாழ்த்து அட்டையை என் பேண்ட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டேன்.

மடியில் வைத்துத் தைக்க வேண்டாம், பலகை மேல் வைத்துத் தையுங்கள் என்று முதலாளியம்மா முதல் நாளே சொன்னாள். முதலாளியம்மா என்றால் என் பெண்டாட்டிதான். முன்னறையில் மெஷின் போட்டுத் தெருவுக்கே தைக்கிறாள். முட்டி போன பிறகு வீட்டோடு கிடக்கும் நான் அவளிடம் எடுபிடி. மிச்சத் துணியெல்லாம் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிட்டது, சும்மா உட்கார்ந்து என்னை முறைப்பதற்குப் பதில் இதில் ஏதாவது அட்டை செய்யுங்கள் என்று கத்தரியைக் கையில் கொடுத்துவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக் நான். இருபதாவது மாடிக்கு மேல் நின்று இரும்புக் கயிறு மாற்றியவன். ஒரு துணிப்பூவை அட்டையில் வைத்துத் தைக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று மடியிலேயே வைத்துத் தைத்தேன்.

எதிர்வீட்டு நர்ஸம்மா தைக்கக் கொடுத்த வெள்ளைக் கோட்டை வாங்க வந்தார். மரியாதைக்கு எழுந்தேன். அட்டையும் என்னோடு எழுந்தது. தொடையில், பூ வெளியே தெரிய, தொங்கிக்கொண்டு.

"என்ன சார், நடமாடும் வாழ்த்தா?" என்றார்.

முதலாளியம்மா கத்தரியோடு வந்தாள். "அசையாதீங்க. அசைஞ்சா பேண்ட்டு போயிடும்." இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. எதன் மேல் கோபம்? ஊசி மேலா? ஒரு ஊசி மேல் கோபப்படும் நிலைக்கு வந்துவிட்டேனே, அதன் மேல்.

மார்ச் 5

மெல்லிய துணிக்குப் பசையைக் கொஞ்சமாகத் தடவ வேண்டும். இல்லையென்றால் பசை மேலே ஊறி, பூ மூக்கொழுகுவது போல் ஆகிவிடுகிறது. ஒரு பூ இல்லை, ஒரு தோட்டத்துக்கே இன்று சளி.

மார்ச் 9

கொஞ்சம் கை வந்துவிட்டது. அட்டையில் முதலில் குத்தூசியால் ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும், பிறகுதான் நூல். துணிக்கு அடியில் காலருக்கு வைக்கும் கேன்வாஸை ஒட்டினால் சுருங்காது. ஓரத்தை நெளி வாய்க் கத்தரியால் வெட்டினால் பிசிறு வராது. குடை, கோப்பை, மீன், இரண்டு செருப்பு. செருப்பு நன்றாக வந்திருக்கிறது. யாருக்கு என்ன வாழ்த்துக்காகச் செருப்பு அட்டையைக் கொடுப்பார்கள் என்றுதான் தெரியவில்லை. எனக்கு ஒரு ஆள் இருக்கிறான். என் பழைய சூப்பர்வைசர்.

முனைக்கடை பேப்பர்க்காரரிடம் கொண்டு போனேன். புரட்டிப் பார்த்து, "அடடா, வீட்டம்மா கைவேலை பிரமாதம்" என்றார்.

"நான் செஞ்சது."

ஒரு கணம் என் விரல்களைப் பார்த்தார். பிறகு, சின்னப்பிள்ளையிடம் பேசுகிற குரலில், "நல்லது சார். பொழுதும் போகும், மனசும் அமைதியாகும்."

மனசு அமைதியாகுமாம். அமைதியாகத்தான் அந்த அட்டைக் கட்டால் அவர் மண்டையில் ஒன்று வைக்கத் தோன்றியது.

"அம்மாவுக்கு, நண்பனுக்கு எல்லாம் இருக்கு. மகளுக்குன்னு ரெண்டு செஞ்சு குடுங்க சார், நல்லா போகும்" என்றார்.

"அது வராது" என்றேன்.

"ஏன் சார்?"

"துணி இல்ல."

மார்ச் 14

ஒரு பார்சல் வந்தது. முதலாளியம்மா பிரித்தாள். நீலத் துணி.

உலகத்தில் எத்தனையோ நீலம் இருக்கிறது. இது அந்த நீலம். வருஷக்கணக்கில் நான் போட்டு, வேர்த்து, கிரீஸ் துடைத்து, கடைசியில் முட்டியோடு கிழிந்துபோன நீலம். கம்பெனி நீலம்.

"யூனிஃபார்மாம்" என்றாள், என்னைப் பார்க்காமல், நூல் கோர்த்துக்கொண்டே. "கம்பெனி குடுக்குறது ஆம்பள சைஸாம், தொளதொளன்னு தொங்குதாம். நம்ம அம்மாவே தைக்கட்டும்னு துணியா வாங்கி அனுப்பியிருக்கா."

யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் பெயர் சொல்லாமல் பேசப்படுவது ஒரே ஆள்தான்.

எழுதித் தொலைக்கிறேன். வயிற்றில் வைத்திருந்தால் புளிக்கிறது.

லிஃப்ட்டுக்குக் கீழே ஒரு குழி இருக்கும். அதில் இறங்கி வேலை பார்க்கும் முன் ஸ்டாப் சுவிட்சைப் போட வேண்டும். போட்டால் லிஃப்ட் அசையாது. அன்றைக்கும் போட்டேன். போட்டுவிட்டுத்தான் இறங்கினேன். லிஃப்ட் வந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டேன், ஒரு கால் மட்டும் ஒட்டவில்லை. அவ்வளவுதான் கதை. "மெக்கானிக் சுவிட்சைப் போட மறந்துவிட்டார்" என்று எழுதினான் சூப்பர்வைசர். மறந்துவிட்டாராம். பல் தேய்க்க மறந்தாலும் மறப்பேன், அதை மறப்பேனா?

அப்புறம் ஒரு வருஷம் கழித்து மகள் வந்து நிற்கிறாள், வேலை கிடைத்துவிட்டது என்று. எங்கே? அதே கம்பெனி.

"வேற கம்பெனியே இல்லையா உனக்கு?"

"கூப்பிட்டது இவங்கதான்பா."

"என்னைப் பொய்யன்னு எழுதினவனுங்க அவனுங்க."

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாக, தோளைத் தொட்டு, நோயாளியிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்: "ஒருவேளை நீங்க மறந்திருக்கலாமேப்பா. மறக்குறது ஒன்னும் தப்பில்லையே."

தப்பில்லையே. சூப்பர்வைசர்கூட அந்த அளவுக்கு என்னை மன்னிக்கவில்லை.

அன்றைக்கு வாயை மூடியவன்தான். அவள் வேலை இடத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மாவும் மகளும் தினம் ஃபோனில் பேசுவார்கள். நான் அந்த நேரத்தில் கத்தரியைச் சாணை பிடிப்பேன். இந்த வீட்டுக் கத்தரிகளெல்லாம் இப்போது காற்றையே வெட்டும்.

மார்ச் 15

அவள் ஆபீசில்தானே உட்காருகிறாள்? அங்கே மெல்லிய துணி கொடுப்பார்கள். இது கனத்த துணி, இரட்டை நெசவு. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஃபோன் எடுக்கிறவளுக்கு எதற்கு இந்தக் கனம்? கம்பெனிக்குத் துணி வாங்கவும் தெரியவில்லை போலிருக்கிறது. நல்ல கூட்டம்.

மார்ச் 17

இன்று உருப்படியான வேலை. துணி மூட்டையில் பழைய மஞ்சள் துணி ஒன்று கிடைத்தது, சின்னச் சின்னக் கட்டம் போட்டது. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி இருக்கிறது, ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. சூரியன் ஒன்று, குடை ஒன்று, ஜன்னல் திரை ஒன்று, கோழிக்குஞ்சு இரண்டு. கழுத்துப்பட்டையை அப்படியே வளைத்து வீட்டுக் கூரை ஆக்கினேன். எனக்கே ஆச்சரியம். குஞ்சு இரண்டையும் சாயங்காலமே பேப்பர் கடையில் கொடுத்தாயிற்று. மிச்சத்தை முதலாளியம்மாவிடம் காட்டிப் பாராட்டு வாங்க வேண்டும். பாராட்டுக்கு ஏங்குகிற வயசா இது? ஆமாம், இதுதான் அந்த வயசு.

மார்ச் 18

பாராட்டு கிடைத்தது.

அட்டையை வாங்கிப் பார்த்தாள். துணியை விரலால் தடவினாள். முகம் மாறியது.

"இது எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"மூட்டையிலேர்ந்து."

"மூட்டைக்கு உள்ளேர்ந்தா, மேலேர்ந்தா?"

இவளிடம் வக்கீலே தோற்பார். மேலே மடித்து வைத்திருந்ததுதான். மடித்து வைத்த துணி மிச்சத் துணி ஆகாது என்று அப்போது தோன்றவில்லை.

"அளவுச் சட்டைங்க அது! அவளோட அளவுச் சட்டை!"

தையல்காரி வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாதா அளவுச் சட்டை என்றால் என்னவென்று? உடம்புக்குப் பொருத்தமான பழைய உடுப்பு ஒன்றை எல்லோரும் கொடுத்து வைப்பார்கள், அதை வைத்துத்தான் புதுசை வெட்டுவாள். நேரில் வர முடியாதவர்களுக்கு அதுதான் எல்லாம். அந்த நீலத் துணியை வெட்டத்தான் இதைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

"பேரெழுதி வைக்குறதுதானே!" என்று கத்தினேன்.

"பெத்த அப்பனுக்கு அடையாளம் தெரியும்னு நெனச்சேன்."

சட்டைகளை யார் பார்த்து வைத்திருப்பார்கள்? எல்லாம் சட்டைதானே. காலேஜ் போன நாள் முழுக்க அதைத்தான் போட்டாளாம். நான் அவள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

"அளவைக் குறிச்சு வெச்சிருப்பியே?"

"அது சட்டை இல்லங்க, அவ உடம்பு. உடம்பையே கையில வெச்சுக்கிட்டு எதுக்குக் குறிக்கணும்?"

"ஃபோன்ல அளவு சொல்லச் சொல்லு."

"தனக்குத் தானே டேப் பிடிச்சா தோள் கோணிக்கும். தொளதொளன்னு போடுறதுக்கா இங்க அனுப்பினா? நேர்ல வரணும். கூப்பிடுங்க."

"நானா?"

"வெட்டினது நானா?"

ஒரு வருஷமாக நான் கட்டி வைத்திருந்த கோபம் எவ்வளவு கெட்டியானது! அதை நானே கத்தரியால் ஓட்டை போட்டுவிட்டேன். கத்தரியைத் தீட்டித் தீட்டி வைத்ததும் நான்தான்.

மார்ச் 19

அட்டை வைக்க ஒரு டப்பா வேண்டும் என்று அலமாரி மேல் இருந்த சூட்கேஸை இறக்கினேன். உள்ளே அவளுடைய பழைய சாமான். ஒரு உடைந்த கைக்கடிகாரம், சில புத்தகம். அடியில் காப்பிக் கலர் சட்டை ஒன்று. இதை எனக்குத் தெரியும். வீட்டை விட்டுப் போவதற்கு முந்தின மாதம் அவள் அம்மா தைத்தது. தோள், கை, உயரம் எல்லாம் சரியாக இருக்கும். அளவுக்கு இது போதும்.

"இதோ இருக்கு" என்று கத்த வேண்டியதுதான். முதலாளியம்மா கடைக்குப் போயிருந்தாள். அவள் வரட்டும் என்று கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செருப்புச் சத்தம் கேட்டதும் என்ன செய்தேன்? என் பழைய கருவிப் பையைத் திறந்து, அடியில், குறட்டுக்குக் கீழே மடித்து வைத்துவிட்டேன். அந்தப் பையை யாரும் திறக்க மாட்டார்கள். நானே ரெண்டு வருஷமாகத் திறக்கவில்லை.

ஏன்? கோபம்தான், வேறென்ன. சட்டை மட்டும் இங்கே இருந்து வேலையை முடித்துக்கொடுத்துவிட்டால் ஆள் வரவேண்டாமே? வரட்டும். வந்து என் முன்னால் நிற்கட்டும். மறந்திருக்கலாம் என்று சொன்ன வாயை நான் இன்னொரு தடவை நேரில் பார்க்க வேண்டும்.

மார்ச் 20

ஃபோன் செய்தேன். இரண்டு தடவை எண்ணைத் தப்பாக அழுத்தினேன்.

"அப்பா?"

என் பெயர் ஃபோனில் தெரிந்திருக்கும். இருந்தாலும் கேள்வியாகத்தான் கேட்டாள். பெரிதாகப் பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். வந்தது இதுதான்: "உன் சட்டைய வெட்டிட்டேன்."

"எந்தச் சட்டை?"

"மஞ்சள்."

"எதுக்குப்பா?"

"வாழ்த்து அட்டைக்கு."

அந்தப் பக்கம் ஒரு மாதிரிச் சத்தம். சிரிப்பா, வேறா தெரியவில்லை. ஃபோனை அவள் அம்மாவிடம் தள்ளிவிட்டுக் குளியலறைக்குப் போய்விட்டேன். ஒரு வருஷம் வாய் பூட்டியிருந்தவன் பூட்டைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை, உன் சட்டையை வெட்டிவிட்டேன். இவன் அப்பன்!

ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்.

மார்ச் 22

மஞ்சள் குஞ்சு இரண்டும் விற்றுவிட்டன, இன்னும் வேண்டும் என்றார் பேப்பர்க்காரர்.

"இனிமே வராது. உடம்பு தீர்ந்துபோச்சு" என்றேன். நான் எனக்கு உடம்பு சரியில்லை என்கிறேன் என்று நினைத்து, நன்றாக ஓய்வெடுங்கள் என்றார்.

யாரோ முகம் தெரியாத ஒருவர் வீட்டில் என் மகளின் முதுகு 'சீக்கிரம் குணமாகுங்கள்' என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது.

மார்ச் 24

வந்தாள்.

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

வாசலிலேயே, "எங்கப்பா என் சட்டை?" என்றாள். டப்பாவைக் காட்டினேன். சூரியனையும் குடையையும் கூரையையும் எடுத்து வரிசையாக வைத்தாள். கூரையைப் பார்த்து, "இது காலர்தானே?" என்றாள். சிரித்தாள். ஒன்றைத் திறந்தாள். "உள்ள ஒன்னும் எழுதலையே?"

"வாங்குறவங்க எழுதிக்குவாங்க."

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

அம்மா டேப்பை எடுத்தாள். நான் பென்சிலோடு உட்கார்ந்தேன், எடுபிடி வேலை. தோள் சொன்னாள். எழுதினேன். கை உயரம். எழுதினேன். புஜம் சுற்றளவு சொன்னபோது நிமிர்ந்தேன். காப்பிக் கலர் சட்டையின் கை அவ்வளவு இருக்காது. நான் அதை மடித்தவன், எனக்குத் தெரியும். இது ஃபோன் தூக்கி வளர்ந்த புஜம் இல்லை.

எழுந்து போய் அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். நகத்துக்குள் கறுப்பு. உள்ளங்கையில் காய்ப்பு. ஆபீஸ் மை அப்படி இருக்காது. அது கயிற்றுக் கிரீஸ். எந்த சோப்புப் போட்டாலும் போகாது. மண்ணெண்ணெயில் கழுவினாலும் நகத்துக்குள் தங்கும். என் கையில் அது இல்லாமல் போக எவ்வளவு காலம் ஆயிற்று!

"குழியில எறங்குறியா?"

அம்மாவைப் பார்த்தாள்.

"அவள ஏன் பாக்குற? என்னைப் பாரு. எறங்குறியா?"

"எறங்குறேன்பா. மெக்கானிக்காத்தான் சேந்தேன். ஆபீஸ்ல இல்ல."

அப்புறம் நான் என்ன சொன்னேன் என்று வரிசையாக எழுத முடியாது. கத்தினேன். ஏண்டி, ஒரு வீட்டுல ஒரு கால் போனா பத்தாதா? கணக்குல ரெண்டு வேணுமா? அவனுங்களுக்கு நம்ம குடும்பத்தையே மொத்தமா எழுதிக் குடுத்திருக்கா? நாளைக்கு உனக்கு ஒன்னு ஆச்சுன்னா என்ன எழுதுவானுங்க தெரியுமா? 'அப்பா மாதிரியே மறந்துட்டா'ன்னு எழுதுவானுங்க! தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டு நர்ஸம்மா ஜன்னலை மூடினார்.

அவள் அப்படியே நின்றாள், இடுப்பில் டேப்போடு. "அப்பா, உங்களுக்கு அடிபட்ட அந்த பில்டிங் குழியிலயும் எறங்கினேன். ஒன்னு சொல்லணும்..."

"ஒன்னும் சொல்ல வேணாம்."

வெளியே போனேன். நொண்டிக்கொண்டு கோபமாகப் போவது ரொம்பக் கஷ்டம். கோபத்தின் வேகத்துக்குக் கால் வராது. தெருமுனை வரைக்கும்தான் கோபம் போனது, பிறகு முட்டி உட்கார் என்றது. கடை வாசல் படியில் உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது அவள் போயிருந்தாள். சூரியன் அட்டையைக் காணவில்லை.

மார்ச் 25

முதலாளியம்மாவுக்கும் முதல் நாளிலிருந்தே தெரியுமாம்! அதனால்தான் நூல் கோர்ப்பதுபோல் குனிந்துகொண்டு பேசினாளா?

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்தத் துணியையும் வெட்டி அட்டை செஞ்சிருப்பீங்க."

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே விளக்கில், அவள் நீலத்தை வெட்டினாள், நான் ஒரு மீனை ஐந்து தடவை பிரித்துத் தைத்தேன். மீனுக்கும் என் மூஞ்சி வந்துவிட்டது.

மார்ச் 27

மெஷின் ஓடுகிறது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கண் போகிறது. கை முனையைச் சாதாரண சட்டை மாதிரி விட்டிருக்கிறாள்.

"அப்படி விடாத" என்றேன். இரண்டு நாளில் பேசிய முதல் வார்த்தை. "மணிக்கட்டுல இறுக்கிப் பிடிக்கணும். மேல சக்கரம் சுத்தும், தொங்குற துணியப் பாத்தா இழுத்துக்கும்."

கை முனையைப் பிரித்தாள்.

"மேல்பாக்கெட்டுக்கு மூடி வை. குனிஞ்சா ஸ்க்ரூ டிரைவர் விழும். கீழ நிக்கிறவன் தலைமேல விழும். ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது."

"வேற?"

"பேண்ட்டு முட்டிக்கு ரெட்டைத் துணி."

"மெஷின்ல அந்தக் கனம் போகாதுங்க. ஊசி ஒடஞ்சிடும்."

"நான் தைக்கிறேன்."

மிச்சம் விழுந்த நீலத் துண்டை எடுத்து, நடுவில் கேன்வாஸ் இரண்டு மடிப்பு வைத்து, அட்டைக்கு ஓட்டை போடுகிற குத்தூசியால் வழி போட்டு, கையாலேயே தைத்தேன். அந்த நீலத்தைத் தொட மாட்டேன் என்று இருந்தவன்தான். ஒவ்வொரு குத்துக்கும் ஒருவனைத் திட்டினேன். சூப்பர்வைசருக்குப் பாதி முட்டி. மகளுக்கு மீதி. விரலில் ரத்தம் வந்தது. கோபமாகத் தைத்தால் தையல் நெருக்கமாக விழுகிறது, அதையும் இன்று கண்டுபிடித்தேன்.

பலகை மேல் வைத்துத்தான் தைத்தேன். என் பேண்ட் பிழைத்தது.

மார்ச் 29

நீலத்தில் இன்னும் ஒரு கை அகலம் மிச்சம். அதில் ஒரு லிஃப்ட் செய்தேன். நடுவில் பிளந்து திறக்கிற மாதிரி இரண்டு துணிக் கதவு, பக்கத்தில் சின்னப் பொத்தான். உண்மைப் பொத்தான், சட்டைப் பொத்தான். யாருக்கும் இல்லை. துணி வீணாகிறதே என்று.

மார்ச் 31

யூனிஃபார்மைப் போட்டுப் பார்த்து எடுத்துப்போக வந்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரமாக ஒரே பக்கம்.

உள்ளறையிலிருந்து குரல்: "அம்மா, கால் போக மாட்டேங்குது."

"நல்லாத் தள்ளுடி."

"முட்டியோட நிக்குதும்மா. வழியே இல்ல."

முதலாளியம்மா உள்ளே போனாள். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணமான புதிதில் கேட்டது. கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து என் பேப்பர் மேல் போட்டாள். முட்டியில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். இரண்டு காலிலும். நெருக்கமாக, உறுதியாக, யாரும் பிரிக்க முடியாதபடி.

"பத்திரமா இருக்கணும்னு தச்சீங்களா, போகவே கூடாதுன்னு தச்சீங்களா?" என்றாள் மகள், கதவைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் பாவாடையோடு நின்று. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். நானும் சிரித்துவிட்டேன். என்ன செய்ய, சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடுதான் சிரித்தேன்.

ஆளுக்கொரு காலை வைத்துக்கொண்டு அவளும் நானும் தையல் பிரித்தோம். அம்மா அடுப்பில் டீ போடப் போனாள். தெரிந்துதான் போனாள்.

"அன்னைக்கு நீங்க சொல்ல விடல" என்றாள், தலை தூக்காமல்.

நான் அடுத்த நூலை உருவினேன். இந்தத் தடவை அவளை நிறுத்தவில்லை.

"அந்தக் குழியில சுவிட்சைப் போட்டுட்டு, நான் வெளிய ஏறி நின்னுக்கிட்டு, மேல இருக்கிறவர லிஃப்ட்ட ஓட்டச் சொன்னேன். ஓடல. எடுத்துட்டு மறுபடி போட்டேன். ஓடல. அப்படியே போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு தடவ வந்துச்சுப்பா. சுவிட்ச் போட்டபடி இருக்கு, லிஃப்ட் எறங்கி வருது. சுவிட்ச் உள்ள ஒட்டிக்குது, எப்பவாவதுதான். இப்ப மாத்தியாச்சு."

"சூப்பர்வைசர் என்ன சொன்னான்?"

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

ரெண்டு வருஷம் நான் காத்திருந்த வார்த்தை இது. வந்ததும் குதித்திருக்க வேண்டும். இல்லை. உடம்பெல்லாம் எரிந்தது. "நான் சொன்னப்ப நம்பல. ஒரு சுவிட்ச் சொன்னா நம்புவியா?"

ஊசியைக் கீழே வைத்தாள். "ஆமாம்பா. அன்னைக்கு நம்பல." மழுப்பவில்லை. "நம்பணும்னுதான் எறங்கினேன்."

மன்னிப்பு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கத்தியிருப்பேன். ஒரு காலைப் பிரித்து முடித்தேன். அவளுடையது இன்னும் பாதியில் இருந்தது. அதையும் வாங்கிப் பிரித்தேன். பிறகு ஒழுங்காக, காலுக்குள் பலகையை நுழைத்து வைத்து, ரெட்டைத் துணியைத் திரும்பத் தைத்தேன். போட்டு உட்கார்ந்து எழுந்து பார்த்தாள். சரியாக இருந்தது.

லிஃப்ட் அட்டையை அவளே டப்பாவில் கண்டுபிடித்தாள். துணிக் கதவைத் திறந்தாள். "உள்ள யாருமே இல்லையே?"

"வேலைய முடிச்சு வெளிய வந்தாச்சு" என்றேன்.

கதவை மூடினாள். அட்டையைச் சட்டையின் மேல்பாக்கெட்டில் வைத்து மூடியைப் போட்டாள்.

கிளம்பும்போது, "உங்க கருவிப் பை சும்மாதானே இருக்கு? கம்பெனி ஸ்பேனர் வழுக்குது. எடுத்துக்கவா?" என்றாள். கேட்டதும் நானே போய்த் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் தோளில் மாட்டிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

அதே நேரம் பார்த்து அவள் அம்மா சொல்கிறாள்: "ஒரு அளவுச் சட்டை வெச்சுட்டுப் போடி. அடுத்த தடவைக்கு என்ன பண்றது?"

"வேணாம்மா. வந்தே அளவு குடுக்குறேன்" என்றாள் மகள், என்னைப் பார்த்து.

எனக்குக் கோபம் போய்விட்டதா? இல்லை. அந்த சூப்பர்வைசரை நினைத்தால் இப்போதும் பல் நரநர என்கிறது. அவனுக்குச் செருப்பு அட்டை தயாராகத்தான் இருக்கிறது. மகள் மேலும் இருக்கிறது, ஓரமாக. ஆனாலும் வாசல் வரை போய் எல்லாம் சொன்னேன். புது சுவிட்சா இருந்தாலும் போட்டு ஓட்டிப் பாத்துட்டு இறங்கு என்றேன். மேலே நிற்கிறவன் யார் என்று தெரியாமல் குழிக்குப் போகாதே என்றேன். பெரிய ஸ்பேனரின் பிடியில் வெடிப்பு இருக்கிறது, துணி சுற்றிப் பிடி என்றேன். சாப்பிடு என்றேன். சாயங்காலம் ஃபோன் பண்ணு, அம்மாவுக்கு, என்றேன்.

பையின் அடியில், குறட்டுக்குக் கீழே, காப்பிக் கலரில் ஒரு சட்டை மடித்து வைத்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.